கணக்கு எழுதும் கம்ப்யூட்டரும் அண்ணாச்சி வீட்டு போனும்

தொண்ணூறுகளின் கடைசியில் பாளையங்கோட்டை மார்க்கெட் பக்கம் இருந்த ஒரு பிரவுசிங் சென்டரில் வேலைக்குச் சேர்ந்தேன். சீவலப்பேரியிலிருந்து காலையில் டவுன் பஸ்ஸில் வருவேன், பொழுது சாய்வதற்குள் திரும்பிவிடுவேன். முதலாளி அண்ணாச்சிக்கு அப்போது நாற்பது வயதுகூட இல்லை. கீழே கடை, மாடியில் வீடு. மாடியில் அவர் மனைவியும், பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்த அவர் தங்கையும் இருந்தார்கள். அண்ணாச்சியின் மனைவியை நான் மதினி என்றுதான் கூப்பிடுவேன். கடைக்கும் வீட்டுக்கும் ஒரே டெலிபோன் லைன். கடை திறந்திருக்கும்போது அது இன்டர்நெட்டுக்கு, மதியம் கடையைச் சாத்தியதும் வீட்டுக்கு என்று ஓர் ஏற்பாடு.

கடையில் நான்கு கம்ப்யூட்டர்கள். அந்த நான்குக்கும் சேர்த்து அந்த ஒற்றை லைன்தான் என்பதால் சண்டை வராத நாளே கிடையாது. "எனக்கு மெயிலே திறக்க மாட்டேங்குது, மூலைல இருக்க பயலுவ என்னத்தையோ இறக்குதானுவ" என்று ஒருவர் சொல்லுவார். மூலையில் இருக்கும் காலேஜ் பையன்கள், "நாங்க சும்மாதான் இருக்கோம் அண்ணாச்சி" என்பார்கள். அண்ணாச்சிக்குத் தீர்ப்புச் சொல்லத் தெரியாது. எல்லோருக்கும் கலர் சோடா வாங்கிக் கொடுத்துச் சமாதானம் செய்வார்.

ஒருநாள் என்னிடம், "எந்த சீட்டு கம்ப்யூட்டரு எவ்வளவு இழுக்குதுன்னு கண்டுபிடிக்க வழி இருக்காம்மா?" என்று கேட்டார்.

"இருக்கு அண்ணாச்சி" என்றேன். இருக்கிறதா என்று எனக்கே அப்போது தெரியாது.

கம்ப்யூட்டர் பத்திரிகையோடு இலவசமாக வந்த சி.டி.யிலிருந்து லினக்ஸ் போட்ட பழைய மெஷின் ஒன்று என் மேஜைக்கு அடியில் இருந்தது. யாராவது ஒரு வெப்சைட்டைக் கேட்டால் அதுதான் மோடம் வழியாக டயல் செய்து வெளியே போகும். கொஞ்ச நேரம் யாரும் எதுவும் கேட்காவிட்டால் தானே லைனைத் துண்டித்துவிடும். மோடம் டயல் செய்யும்போது கிளம்பும் கீச்சுச் சத்தம் பொறுக்காமல் வாடிக்கையாளர்கள் முகம் சுளிப்பார்கள் என்று அதன் ஸ்பீக்கரை அணைத்து வைத்திருந்தோம்.

அந்த சி.டி.யையே தோண்டியபோது எனக்கு வேண்டியது கிடைத்தது. திரையில் ஒன்றும் காட்டாமல் பின்னணியில் ஓடிக்கொண்டே, எந்த மெஷினிலிருந்து எங்கே எவ்வளவு போய்வருகிறது என்று கணக்கு எழுதும் ஒரு புரோகிராம். அந்த வகை புரோகிராமுக்கு டீமன் என்று பெயர். அண்ணாச்சியிடம் அதைச் சொன்னது தப்பாகப் போயிற்று. "டீமன்னா பேயில்லா? புதுக்கடைக்குள்ள பேய ஓட விடுதியாம்மா?" என்றார். சிரிக்காமல்தான் கேட்டார். அன்றைக்கு ஊதுபத்தி இரண்டு கூடுதலாகப் புகைந்தது.

அதற்கு ஒரு கான்ஃபிகரேஷன் ஃபைல் உண்டு. மோடம் இருக்கும் வெளிப்பக்கம், கம்ப்யூட்டர்கள் இருக்கும் உள்பக்கம் இரண்டில் எந்தப் பக்கத்தைக் கவனிக்க வேண்டும், எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை எழுத வேண்டும், எங்கே எழுத வேண்டும் என்று அதில் வரி வரியாகச் சொல்ல வேண்டும். முதலில் மோடம் இருக்கும் பக்கத்தை மட்டும் கவனிக்கச் சொன்னேன். கடை மொத்தமும் ஒரே ஆள் கணக்கில் விழுந்தது. பிறகு சந்தேகத்துக்கு இரண்டு பக்கத்தையும் கவனி என்று எழுதினேன். கம்ப்யூட்டர்களையும் வெப்சைட்டுகளையும் அவற்றுக்குரிய வெறும் எண்களாக எழுதினால் அண்ணாச்சிக்குப் புரியாதே என்று, ஒவ்வொரு எண்ணுக்கும் உரிய பெயரை இன்டர்நெட்டில் விசாரித்து எழுதச் சொல்லும் வரியையும் சேர்த்தேன். ஓட ஆரம்பித்தது. பெயரும் கணக்குமாக வரிகள் இறங்குவதைப் பார்க்கப் பார்க்க எனக்கு ஒரே பெருமை.

அந்த வாரம்தான் அண்ணாச்சியின் தங்கைக்குத் தூத்துக்குடியிலிருந்து ஒரு வரன் கூடி வந்தது. ஜாதகம் பொருந்திவிட்டது. பெண் பார்க்க என்றைக்கு வருகிறோம் என்பதை மதிய நேரத்தில் போனில் சொல்வதாகச் சொல்லியிருந்தார்கள். மதினி போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். யாராவது ரிசீவரை எடுத்தால் அந்த நேரம் பார்த்து அவர்கள் கூப்பிட்டு எங்கேஜ் ஆகிவிடுமே என்று ஒருவரையும் தொடவிடவில்லை. போன் அடிக்கவே இல்லை. "பிடிக்கலன்னா பிடிக்கலன்னு சொல்லிட்டுப் போகட்டுமே" என்று மாடியில் அவர் புலம்புவது கீழே எனக்குக் கேட்கும். தங்கை சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் தன் பாட்டுக்குப் பரீட்சைப் பேப்பர் திருத்த உட்கார்ந்துவிடுவார்.

மூன்றாம் நாள் மதியம் கடையைச் சாத்தப் போகும் நேரத்தில், பட்டுச்சேலை கட்டிய ஓர் அம்மாவும் வேட்டி கட்டிய ஒருவரும் கடைப் படியேறி வந்தார்கள். கப்பலில் வேலை பார்க்கும் மகன்களுக்கு மெயில் அனுப்ப இப்படி அடிக்கடி பெற்றோர் வருவதுண்டு. நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

"உக்காருங்கம்மா. மெயில் பாக்கணுமா, புதுசா அனுப்பணுமா?"

அந்த அம்மா கம்ப்யூட்டரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "நாங்க பொண்ணு பாக்க வந்திருக்கோம்" என்றார்.

மாடிக்கு ஓடிப்போய் அண்ணாச்சியை அழைத்து வந்தேன். சாப்பிட்ட கை காயாமல் இறங்கி வந்தார்.

கூட வந்தவர் மாப்பிள்ளையின் தாய்மாமா. "ரெண்டு நாளா போன் பண்ணுதோம் அண்ணாச்சி. எப்ப பண்ணினாலும் எங்கேஜு. வேற எடத்துலயும் பேசுதீங்களோன்னு நெனச்சோம். எங்க அக்காதான், நேர்லயே போய்க் கேட்டுருவோம்னு பஸ்ஸு ஏத்திட்டா" என்றார்.

"மதியத்துல நாங்க போனத் தொடவே இல்லையே" என்று அண்ணாச்சி என் மேஜையிலிருந்த ரிசீவரை எடுத்தார். உள்ளே இரைச்சல். என்னிடம் நீட்டினார். நான்கு கம்ப்யூட்டர்களும் அணைந்து கிடந்தன. குனிந்து பார்த்தேன். மோடத்தின் சிவப்பு விளக்குகள் விடாமல் சிமிட்டிக்கொண்டிருந்தன.

கணக்கு எழுதியிருந்த ஃபைலைத் திறந்ததும் விஷயம் புரிந்தது. என் புரோகிராம் ஓர் எண்ணின் பெயரை விசாரிக்க வெளியே போகிறது. அதற்கு லைன் வேண்டும், டயல் செய்கிறது. அப்படி விசாரித்ததும் ஒரு போக்குவரத்துதானே, அதையும் கணக்கில் எழுதுகிறது. எழுத அதன் பெயர் வேண்டும், மறுபடியும் விசாரிக்கப் போகிறது. ஆளில்லாத கடையில் அது தன்னைத்தானே கணக்கெடுத்துக்கொண்டு ராப்பகலாக லைனைப் பிடித்து வைத்திருந்தது.

"நான் போட்ட புரோகிராம்தான் அண்ணாச்சி" என்றேன். அழுகை முட்டியது.

அண்ணாச்சி வாய் திறப்பதற்குள் அந்த அம்மா, "எம்மா, அதுக்கு ஏன் கண்ணக் கசக்குத? போனு கெடச்சிருந்தா இந்நேரம் நாள் குறிச்சிக்கிட்டு வீட்லதான் இருந்திருப்போம்" என்றார்.

அவர் சொல்லி முடிக்கவும், பள்ளிக்கூடத்தில் அரைநாள் என்று தங்கை வாசலில் வந்து நிற்கவும் சரியாக இருந்தது. விரலெல்லாம் சாக்பீஸ், தோளில் பேப்பர்க் கட்டு. இவர்களும் கடைக்கு வந்தவர்கள் என்றே நினைத்து, "மதியம் கடை கெடையாதே, இவங்ககிட்ட நீ சொல்லலையா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். தாய்மாமா சிரிப்பை அடக்க மேல்துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். அலங்காரம், தலைகுனிந்து நிற்பது ஒன்றும் இல்லாமல் பெண் பார்த்து முடிந்துவிட்டது. மதினிதான் கேசரி கிண்ட நேரமில்லாமல் போயிற்றே என்று கடைசிவரை தவித்தார். முறுக்கும் காப்பியும் கொடுத்தார்கள். அந்த அம்மா இன்னொரு முறுக்கு கேட்டு வாங்கியதைப் பார்த்ததும் எனக்குப் பயம் தெளிந்தது.

அவர்கள் மாடியில் இருக்கும்போதே பெயர் விசாரிக்கும் வரியை எடுத்துவிட்டேன். உள்பக்கத்தை மட்டும் கவனி, எண்ணாகவே எழுது என்று மாற்றினேன். எந்த எண் எந்த சீட்டு என்று ஓர் அட்டையில் எழுதி ஒட்டினேன். புரோகிராமை நிறுத்தி மறுபடி கிளப்பினேன். மோடத்தின் விளக்குகள் கொஞ்ச நேரத்தில் அணைந்தன. அணைந்த பிறகும் நெடுநேரம் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஒழுங்கான கணக்கு வந்தபோது மூலை சீட்டுப் பையன்கள் அப்பாவிகள் என்று தெரிந்தது. லைனை அதிகம் இழுத்தது நடு சீட்டு. தினமும் வரும் ரிடையர்டு போஸ்ட்மாஸ்டர் ஒருவர், அமெரிக்காவில் பிறந்த பேத்தியின் போட்டோக்களை ஒவ்வொரு நாளும் புதிதாகத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார். பெரிய பெரிய போட்டோக்கள். அண்ணாச்சி என்னைக் கூப்பிட்டார். "அத நம்ம மெஷின்லயே எடுத்து வச்சிரும்மா, பெரியவரு பாத்துக்கிட்டே இருக்கட்டும்" என்றார். அப்படியே செய்தேன். படம் பட்டென்று வந்தது. "இப்பந்தான் ஒங்க லைனு நல்லா வேல செய்யுது" என்று பெரியவர் மெச்சிக்கொண்டார்.

தை மாதம் தூத்துக்குடியில் கல்யாணம். மாப்பிள்ளைக்குக் கப்பல் ஏஜென்சி ஒன்றில் வேலை. மணமேடையிலிருந்து இறங்கியதும் என்னைத் தேடி வந்தார். நான் கும்பிட்டு வாழ்த்துச் சொல்வதற்குள், "எங்க ஆபீஸ்லயும் ஒரே லைனு, இருபது பேரு. அந்தக் கணக்கு எழுதுறத எங்களுக்கும் போட்டுத் தருவியளா?" என்று கேட்டார். பக்கத்தில் மாலையோடு நின்ற கணக்கு டீச்சர், "மொதல்ல சாப்பிட விடுங்க அவள" என்றார்.

அடுத்த வாரமே தூத்துக்குடி பஸ் பிடித்தேன்.