கேரியின் காருக்கு ஒரு பென்சில் பிரிண்ட்

ஃப்ரீமான்ட்டில் எங்கள் தெருவில் யார் வீட்டு வாசற்கதவும் திறந்திருந்து நான் பார்த்ததில்லை. ஆனால் சனிக்கிழமை காலையானால் கராஜ் கதவுகள் மட்டும் ஒவ்வொன்றாக மேலே ஏறும். துணி துவைக்கிற மெஷின், கிறிஸ்துமஸ் மரம் வைத்த பெட்டி, கிழிந்த சோபா, ஓடாத சைக்கிள் என்று உள்ளே இருப்பதெல்லாம் தெருவுக்குத் தெரியும். நாம் மானம் போய்விடும் என்று பரணில் ஒளித்து வைக்கிற சாமான்களை இவர்கள் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். திறந்துதானே இருக்கிறது என்று யாரும் உள்ளே நுழைவதில்லை. நடைபாதையில் நின்றபடியே கையை ஆட்டி, வெயிலைப் பற்றி இரண்டு வார்த்தை பேசிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். திறந்த கதவுக்கும் 'உள்ளே வா' என்பதற்கும் இங்கே சம்பந்தமே இல்லை. இது எனக்குத் தெரிய வந்த அன்றைக்கு வரவேண்டிய கிரீன் கார்டே கையை விட்டுப் போயிருக்கும்.

பக்கத்து வீட்டு கேரி பள்ளிக்கூட பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். அவர் கராஜில் ஐம்பதுகளில் செய்த ஒரு அமெரிக்கக் கார் நின்றது. வெளிர்பச்சை நிறம், பின்னால் மீன் துடுப்பு மாதிரி இரண்டு இறக்கை, கப்பல் நீளம். கம்பெனி பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் இங்கே ஆளாளுக்குக் கட்சி கட்டிக்கொண்டு சண்டைக்கு வருவார்கள். பானெட்டைத் திறந்தால்தான் சங்கடம். எட்டு சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின் இருக்கவேண்டிய இடத்தில் யாரோ நாலு சிலிண்டர் டீசல் ஒன்றை மாட்டியிருந்தார்கள். இன்ஜினில் ஆணியடித்திருந்த பெயர்த் தகட்டைக் காணோம். பழைய சொந்தக்காரர் வெளிநாட்டில் எங்கோ அணைக்கட்டு வேலை பார்த்தவராம். அவர் இறந்ததும் அவர் மனைவி கேரியிடம் விற்றுவிட்டாள். அந்த அம்மாவுக்கும் ஒன்றும் தெரியவில்லை. தண்ணீர் பம்ப் ஒழுகிக்கொண்டிருந்தது. என்ன இன்ஜின் என்று தெரியாமல் எந்தக் கடையில் போய் எந்த பம்ப்பைக் கேட்பது? கேரியின் கூட்டாளிகள் ஞாயிறுதோறும் காபிக் கோப்பையோடு வந்து சுற்றி நின்று ஆராய்ந்தார்கள். ஒருவர் டிராக்டர் என்றார், ஒருவர் படகு என்றார். கண்டுபிடிக்க முடியாவிட்டால் கழற்றி எறிந்துவிட்டு அசல் எட்டு சிலிண்டரை மாட்டிவிடுவேன் என்று கேரி சொல்லிக்கொண்டிருந்தார்.

ஒரு நாள் அவர் அதை ஸ்டார்ட் பண்ணியபோது நான் குப்பைத் தொட்டியை உருட்டிக்கொண்டு போய்க்கொண்டிருந்தேன். டகடகவென்று அது உதறி எழுந்த சத்தத்தில் என் கால் அப்படியே நின்றுவிட்டது. எனக்குத் தெரிந்த சத்தம். மெட்ராஸ் புதுப்பேட்டையில் எங்கள் அத்தா, என் அப்பா, வைத்திருந்த பழைய ஸ்பேர் பார்ட்ஸ் கடை வாசலில் வருஷக்கணக்காகக் கேட்ட சத்தம்.

ஊரில் இருக்கிற இளசுகளுக்கு இது தெரிந்திருக்காது. ஒரு காலத்தில் மெட்ராஸில் பெரிய பெரிய அமெரிக்கக் கார்கள் ஓடின. தூதரகத்துக்காரர்களும் ஜமீன்தார்களும் வைத்திருந்து கழித்துவிட்டவை. பெட்ரோலைத் தண்ணீராய்க் குடிக்கிற அந்த இன்ஜினுக்குத் தீனி போட யாரால் முடியும்? அசல் இன்ஜினைக் கழற்றி எடைக்குப் போட்டுவிட்டு, மெட்ராஸிலேயே வார்த்துச் செய்த டீசலை மாட்டி டூரிஸ்ட் டாக்ஸியாக விட்டுவிடுவார்கள். கல்யாண ஊர்வலத்துக்கும் அதுதான். 'யானைக்கு ஆட்டுக் குடலை வெச்சுத் தெச்ச மாதிரி இருக்குடா, ஆனா ஓடுதே' என்று அத்தா சிரிப்பார். இன்ஜினை மாற்றினால் விடமாட்டான் ஆர்.டி.ஓ. ஆர்.சி. புத்தகத்தில் புது இன்ஜின் நம்பர் ஏறவேண்டும். அதற்கு பென்சில் பிரிண்ட் எடுத்துக் கொடுக்கவேண்டும். நம்பர் வெட்டியிருக்கிற இடத்தைத் துணியால் துடைத்து, மெல்லிய தாளை வைத்து அமுக்கி, பென்சிலைச் சாய்த்துத் தேய்த்தால் நம்பர் அப்படியே தாளில் எழும்பி வரும். கண் போகாத இடுக்கிலும் கையும் தாளும் போய்விடும். காலேஜ் லீவில் நான் அந்த வேலையில் கெட்டிக்காரன். புதுப்பேட்டைக்காரனுக்குத் தாளில் ஏறினால்தான் இன்ஜின். வாயால் சொன்னால் எவன் நம்புவான்? இந்த நாட்டில் வண்டியின் நம்பர் ஒன்று போதும். உள்ளே இருக்கிற இன்ஜின் எந்த ஊரிலிருந்து வந்தது என்று யாரும் கேட்பதில்லை. மனுஷனைத்தான் கேட்கிறார்கள்.

கேரியிடம் சொன்னேன், எனக்கு இந்த இன்ஜினைத் தெரியும் என்று நினைக்கிறேன், ஒரு நாள் பார்க்கட்டுமா என்று. அவர் சந்தோஷமாக என் தோளில் தட்டி, "ஷ்யூர், எனி டைம். கராஜ் திறந்துதான் இருக்கும்" என்றார். எனி டைம் என்றால் எனி டைம் என்று எடுத்துக்கொண்டேன். நம் ஊரில் ஒருவர் 'எப்ப வேணா வாங்க' என்று சொல்லி நாம் போகாவிட்டால்தான் வருத்தப்படுவார். இங்கே அது குட் மார்னிங் மாதிரி ஒரு சொல். போவதற்கு முன்னால் போன் பண்ணவேண்டும்.

என் மனைவி ஷமீமுக்கு இது ஆரம்பத்திலிருந்தே பிடிக்கவில்லை. "என்னங்க, அடுத்தவன் வண்டில போய் ஏன் கை வைக்கறீங்க? இப்ப காலமா சரியா இருக்கு?" என்றாள். காலம் சரியாக இல்லைதான். அது இரண்டாயிரத்து இரண்டு. அதற்கு முந்தைய செப்டம்பருக்குப் பிறகு என் பெயரை நானே மெதுவாகச் சொல்லப் பழகியிருந்தேன். ஆபீஸில் பாதி மேஜைகள் காலி. வேலை போனால் விசாவும் போகும். கிரீன் கார்டு விண்ணப்பம் பெயரைச் சரிபார்க்கிற கட்டத்துக்குப் போய் அங்கேயே உட்கார்ந்துவிட்டது. கூட அப்ளை பண்ணிய வெங்கட்டுக்கும் சுரேஷுக்கும் கார்டு தபாலில் வந்து சேர்ந்தது. எனக்கு 'பரிசீலனையில் இருக்கிறது' என்கிற ஒரே பதில்தான் திரும்பத் திரும்ப வந்தது. "ஒரு டிக்கெட்கூட வாங்கிராதீங்க" என்பாள் ஷமீம். டிக்கெட் என்றால் இங்கே போலீஸ் அபராதம். நான் ஃப்ரீவேயில் எல்லோரும் ஹார்ன் அடிக்கிற அளவுக்கு மெதுவாக ஓட்டிக்கொண்டிருந்தேன். அப்படிப்பட்டவனுக்கு அந்தச் சனிக்கிழமை புத்தி எங்கே போயிற்றோ.

மதிய நேரம். கேரியின் கராஜ் திறந்திருந்தது, கேரி இல்லை. பக்கத்தில் எங்காவது இருப்பார் என்று நினைத்தேன். மகள் நிஷாவின் ஸ்கூல் பென்சிலையும் ஷமீம் கேக் தட்டில் போடுகிற வெண்ணெய்த்தாளில் ஒரு துண்டையும் டார்ச்சையும் எடுத்துக்கொண்டு போய் பானெட்டைத் தூக்கினேன். இன்ஜின் பிளாக்கின் பக்கவாட்டில் எழுத்து இருக்கிறதென்று விரலுக்குத் தெரிந்தது, கண்ணுக்கு எட்டவில்லை. நாலு கோட் பெயின்ட், அதன்மேல் கிரீஸ். துடைத்தேன், தாளை நுழைத்தேன், தேய்த்தேன். முதல் தடவை தாள் கிழிந்தது. இரண்டாம் தடவை வெளியே எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன். முன்னால் இருந்ததெல்லாம் கறை. கடைசியில் நாலு எழுத்து மட்டும் சுத்தமாக எழும்பியிருந்தது. டி, ஆர், ஏ, எஸ். முன்னால் என்ன இரண்டு எழுத்து என்று எனக்கு யாரும் சொல்லவேண்டியதில்லை. என் பாஸ்போர்ட்டில் பிறந்த ஊர் என்கிற இடத்தில் அதேதான் இருக்கிறது. அடப்பாவி, நீ எப்படிடா இங்கே வந்தே என்று வாய்விட்டே கேட்டுவிட்டேன். கண் கலங்கிவிட்டது, சொல்வதற்கென்ன.

"சார், கைகளை நான் பார்க்கிற மாதிரி வையுங்கள்" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

திரும்பினேன். கராஜ் வாசலில் இரண்டு போலீஸ்காரர்கள். எதிர்வீட்டு அம்மா போன் பண்ணியிருக்கிறாள்: தாடி வைத்த ஓர் ஆள் கேரியின் கராஜில் புகுந்து, காருக்குள் தலையை விட்டு, டார்ச் அடித்து எதையோ காப்பி எடுக்கிறான் என்று. சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை. நான் செய்த மடத்தனம், கையிலிருந்த தாளை மடித்துச் சட்டைப் பையில் வைக்கப் போனதுதான். கிரீஸ் பட்டுவிடப் போகிறதே என்கிற கவலை எனக்கு. "கைகள்!" என்றார் இளையவர். குரல் மாறியிருந்தது.

நடைபாதை ஓரத்தில் தரையில் உட்காரச் சொன்னார்கள். உட்கார்ந்தேன். முட்டி முகத்துக்கு நேராக வந்து நிற்கிற அந்த உட்காரல் இருக்கிறதே, அதில் மனுஷன் பாதியாகிவிடுகிறான். பெரியவர் தாளை வாங்கிப் பார்த்தார்.

"இது என்ன?"

"இன்ஜின் நம்பர். எங்கள் ஊரில் இப்படித்தான் எடுப்போம்."

"யாருக்குக் கொடுக்க?"

"யாருக்கும் இல்லை. நான் பக்கத்து வீட்டுக்காரன், கேரிக்கு உதவி செய்கிறேன். இது மெட்ராஸில் செய்த இன்ஜின். இந்தியா."

அடையாள அட்டை கேட்டார். அதற்குள் ஷமீம் ஃபைலோடு ஓடிவந்துவிட்டாள். எதற்கும் இருக்கட்டும் என்று அவள் கதவுக்குப் பக்கத்திலேயே வைத்திருக்கிற ஃபைல். ஃபைலில் முதலில் அகப்பட்டது புதுப்பித்துக் கொடுத்த ஷமீமின் பாஸ்போர்ட். அதில் பிறந்த ஊர் சென்னை. என்னுடையதில் மெட்ராஸ்.

"இரண்டு பேரும் வேறு வேறு ஊரா?"

"ஒரே ஊர்தான் சார். பெயரை மாற்றிவிட்டார்கள்."

"யார் மாற்றினார்கள்? நீங்களா?"

"கவர்மென்ட்" என்றாள் ஷமீம். அவர் தாளையும் பாஸ்போர்ட்டையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் மரியாதைக் குறைவாக ஒரு வார்த்தை பேசவில்லை, அதையும் சொல்லவேண்டும். எங்கள் வீட்டு ஜன்னலில் நிஷா நின்றுகொண்டிருந்தாள். அவளுக்கு ஐந்து வயது. கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு, தரையில் உட்கார்ந்திருந்த தன் அத்தாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு அப்போது கிரீன் கார்டு ஞாபகம் வரவில்லை. இந்தப் பிள்ளை ஜன்னலை விட்டுப் போகாதா என்றுதான் இருந்தது.

கேரி ஆணிப் பொட்டலத்தோடு கடையிலிருந்து வந்து சேர்ந்தார். "அவர் என் பக்கத்து வீட்டுக்காரர், எனக்கு உதவி செய்கிறார்" என்றார். அவ்வளவுதான். அதே வார்த்தையைத்தான் நானும் சொல்லியிருந்தேன். அவர் வாயிலிருந்து வந்ததும் எல்லோருக்கும் முகம் தெளிந்தது. தாளைத் திருப்பிக் கொடுத்து, நல்ல நாளாக இருக்கட்டும் என்று வாழ்த்திவிட்டுக் கிளம்பினார்கள். இது எங்காவது பதிவாகுமா என்று கேட்டேன். "வந்துபோனதற்கு ஒரு நம்பர் இருக்கும், கவலைப்படாதீர்கள்" என்றார் பெரியவர். நம்பர் இருக்கும் என்கிறவர் கவலைப்படாதே என்றால் எப்படி?

என் கிரீன் கார்டு விண்ணப்பத்தைப் பார்க்கிற வக்கீலம்மா போனில் இது கைது இல்லை, ஒன்றும் வராது என்றார். பிறகு கொஞ்சம் யோசித்து, "இன்டர்வியூல கேட்டா மறைக்காதீங்க" என்றார். அன்றிலிருந்து ஷமீம் அந்தக் கேள்வியை என்னிடம் ஒத்திகை பார்க்க ஆரம்பித்தாள். சோறு போடும்போது, காரில் போகும்போது: "போலீஸ் எப்பவாவது உங்கள நிறுத்தி வெச்சாங்களா?" நான் பென்சில் பிரிண்ட் என்று ஆரம்பிப்பேன். ஆர்.டி.ஓ., ஆர்.சி. புத்தகம், அத்தா கடை என்று அது நீண்டுகொண்டே போகும். "அய்யோ, இவ்ளோ சொன்னா சந்தேகம்தான் வரும்" என்பாள். உண்மையைச் சுருக்கினால் பொய் மாதிரி இருந்தது, நீட்டினால் அதைவிடப் பொய் மாதிரி இருந்தது.

எதிர்வீட்டு அம்மா மறுநாளே வாழைப்பழ ரொட்டி சுட்டு எடுத்து வந்தாள். "நீங்கள் என்று தெரியவில்லை" என்றாள். மூன்று வருஷமாகத் தினமும் அவளுக்குக் கை ஆட்டியிருக்கிறேன். ஷமீம் அதைத் தொடவில்லை. நான் சாப்பிட்டேன், நன்றாகத்தான் இருந்தது.

கேரியிடம் தாளைக் காட்டினேன். "இந்தியாவா!" என்று சிரித்தார். புதுப்பேட்டையில் தம்பி கடையைப் பார்த்துக்கொள்கிறான், பம்ப் கேட்டு வரவழைத்துத் தருகிறேன் என்றேன். ஆகட்டும் என்று தலையாட்டினார். ஆனால் என்னவென்று தெரியாதவரைக்கும் அந்த இன்ஜின் மேல் அவருக்கு ஒரு ஆசை இருந்திருக்கிறது, தெரிந்ததும் போய்விட்டது. கொஞ்ச நாளில் எங்கிருந்தோ அசல் எட்டு சிலிண்டரைக் கொண்டுவந்து மாட்டிவிட்டார். என்னை உட்காரவைத்துத் தெருவை ஒரு சுற்றுச் சுற்றினார். வெண்ணெயில் கத்தி போகிற மாதிரி போயிற்று வண்டி. "இப்போதுதான் இவள் தன் வீட்டுக்கு வந்திருக்கிறாள்" என்றார் கேரி, ஸ்டியரிங்கைத் தட்டிக்கொடுத்தபடி. நல்ல மனுஷன். அவர் சொன்னது தப்பும் இல்லை.

அடுத்த சனிக்கிழமை காலை நிஷாவை நடக்கக் கூட்டிக்கொண்டு வெளியே வந்தபோது கழற்றிய இன்ஜின் கேரி வீட்டு நடைபாதை ஓரத்தில் மரப்பலகை மேல் உட்கார்ந்திருந்தது. நான் உட்கார்ந்த அதே இடம். மேலே ஒரு அட்டை: இலவசம், யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். கேரி பெயின்ட்டையெல்லாம் சுரண்டிப் பார்த்திருக்கிறார் போலிருக்கிறது. ஊர்ப் பெயரின் ஆறு எழுத்தும் வெயிலில் பளிச்சென்று தெரிந்தன. பிரிண்ட் எடுக்க வேண்டிய அவசியமே இல்லை. ஒரு தடவை விரலால் தடவிப் பார்க்கலாம் என்று குனிந்தேன்.

நிஷா என் கையை இரண்டு கையாலும் பிடித்துப் பின்னால் இழுத்தாள். "நோ, அத்தா. டோன்ட் டச் இட்" என்றாள். எதிர்வீட்டு ஜன்னலைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "தே வில் கம்" என்றாள்.

இது ஃப்ரீதான்மா, எல்லாருக்கும் என்று சொல்ல வாய் எடுத்தேன். அவள் விடவில்லை. நிமிர்ந்துவிட்டேன். ஒரு கை அவளிடம் இருந்தது. பேன்ட் பையிலிருந்த இன்னொரு கையை வெளியே எடுத்து, எதிர்வீட்டுக்குத் தெரிகிற மாதிரி தொங்கவிட்டுக்கொண்டு நடந்தேன்.