பனியன் வேஸ்ட் திணித்த மூட்டு

சென்னியப்பனும் என் அம்மாவும் அக்கா தங்கை மக்கள். அந்த வகையில் அவர் எனக்கு மாமன். பனியன் கம்பெனியில் மிஷின் துடைத்துக்கொண்டிருந்தவர், பவானி ஆற்றுத் தண்ணீரைத் திருப்பூருக்குக் கொண்டுவரக் குழாய் பதிக்கிறார்கள் என்றதும் அந்த வேலைக்குப் போய்விட்டார். அறுபதுகளின் ஆரம்பம் அது.

எல்லாம் வார்ப்பிரும்புக் குழாய். ஒன்றின் வாய்க்குள் அடுத்ததைச் செருகி, சுற்றியுள்ள சந்தில் சணல் கயிற்றைத் திணித்து இறுக்கி, அதன்மேல் ஈயத்தைக் காய்ச்சி ஊற்ற வேண்டும். மாமன் கயிறு திணிப்பார். கூட்டாளி நல்லான் ஈயம் ஊற்றுவார்.

சேவூர் அர்த்தநாரி தன் மகள் மயிலாளை மாமனுக்குக் கொடுப்பதாகப் பேசியிருந்தார். "வேல நெரந்தரம்னு ஆகட்டுங்க மாப்பள, அடுத்த முகூர்த்தத்துலயே வெச்சுக்கலாம்" என்பது அவர் பேச்சு. அவினாசிப் பக்கத்து வேலை ஒழுக்கில்லாமல் முடிந்தால் மாமனை நிரந்தரமாக்குவதாகக் காண்ட்ராக்டரும் சொல்லியிருந்தார்.

கடைசி மூட்டுக்குச் சணல் போதவில்லை. கோயமுத்தூர் லாரி வரவில்லை. மறுநாள் சோதனை. மாமன் சைக்கிளை எடுத்துக்கொண்டு பழைய கம்பெனிக்குப் போய், ஒரு பை நிறையப் பனியன் வேஸ்ட், அதாவது வெட்டி மிஞ்சிய நூலும் துண்டுத்துணியும், வாங்கி வந்தார். மிஷின் துடைக்க, தலையணைக்குள் அடைக்க, சாயத்தொட்டி ஒழுகினால் அடைக்க, எங்கள் ஊரில் எல்லாவற்றுக்கும் அதுதான்.

"ஏனுங்க, இது தாங்குமுங்களா?" என்று நல்லான் கேட்டார்.

"கொதிக்கிற சாயத்தையே தாங்குது, பச்சத்தண்ணிக்கு என்னவாம்? ஊத்துங்க" என்றார் மாமன்.

மறுநாள் அர்த்தநாரியும் வேடிக்கை பார்க்க வந்து குழி ஓரத்தில் நின்றார். குழாயில் தண்ணீரை நிரப்பிப் பம்பு வைத்து அழுத்தினார்கள். மற்ற மூட்டெல்லாம் தாங்கிவிட்டன. கடைசி மூட்டில் தண்ணீர் பீய்ச்சியது. கூடவே வெள்ளை நூலும் வெளியே வந்து தொங்கியது. திணித்த வேஸ்ட் அமுங்கிப்போய், ஊற்றிய ஈயம் பாதி குழாய்க்குள்ளேயே ஓடியிருந்தது.

மேஸ்திரி அப்புசாமி நல்லானின் சட்டையைப் பிடித்தார். "ஈயத்த வித்துத் தின்னுட்டயாடா?"

மாமன் குழிக்குள் நின்றபடியே, "அவர உடுங்க. வேஸ்ட்டத் திணிச்சது நானுங்க" என்றார்.

"திருப்பூர்க்காரன் பைப்புக்கும் பனியன் போட்டுட்டானப்பா!" என்று கூட்டத்தில் ஒருவர் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். அர்த்தநாரி சிரிக்கவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தார்.

அன்றே மாமனை நிறுத்திவிட்டார்கள். நல்லானுக்கு வேலை நிரந்தரமானது. மயிலாளை உடுமலைப்பேட்டைத் தேங்காய் வியாபாரி ஒருவருக்குக் கட்டிக்கொடுத்தார்கள். மாமன் பழைய கம்பெனிக்கே திரும்பினார். இரண்டு வருடம் கழித்துச் சோமனூர்ப் பெண் பெரியாத்தாளைக் கட்டினார்.

பிறகு எங்கள் வீதிக்கும் குழாய் வந்தது. மாமன் குடத்தோடு வந்தால், வரிசையில் நிற்கும் பெண்கள் விடமாட்டார்கள். "ஏனுங்க, பைப்புக்குப் போட்ட பனியனக் கழட்டியாச்சுங்களா? தண்ணி தாராளமா வருதுங்களே!"

"அதக் கழட்டிப்போட்டுத்தானுங்க நம்மள ஊட்டுக்கு அனுப்புனாங்க" என்று சொல்லிவிட்டு, மாமன் குடத்தை முன்னால் நகர்த்தி வைப்பார்.