கலயங்கள் கவிழ்ந்த மொட்டை மாடி

பொழிச்சலூரில் 2004-ஆம் வருஷக் கோடை எப்படி இருந்தது என்றால், சுந்தரராமன் வீட்டு மொட்டை மாடியில் காயவைத்த அப்பளம் அங்கேயே பொரிந்து, காக்கை வந்து ஊதி ஊதித் தின்றுவிட்டுப் போனது. நம்பாதவர்கள் காக்கையைக் கேட்டுக்கொள்ளலாம்.

அந்த மொட்டை மாடிக்கு நேர் கீழே அவர் குடியிருந்தார். ரயில்வேயில் பார்சல் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி போய் மூன்று வருஷம், பிள்ளைகள் கிடையாது. முந்தின வருஷம் ஏ.சி. மாட்டினார். முதல் கரண்ட் பில்லைப் பார்த்ததும் அதற்குத் துணி போர்த்திவிட்டார். அதன்பின் பன்னிரண்டு மணி அடித்தால் படி இறங்கிக் கீழ் வீட்டுக்குப் போவது வழக்கமாயிற்று.

கீழே வாடகைக்கு இருந்தவர் தளம் போடும் கொத்தனார் பக்கீர் முகமது. மனைவி சபீஹா, மகள் சோயா. ஜன்னலோர பிளாஸ்டிக் நாற்காலி சுந்தரராமனுக்கென்றே ஆகிப்போனது. சோயாவோடு தாயம் ஆடித் தோற்பார். சபீஹா வெங்காயம் உரித்தபடி தெருவில் நடந்ததையெல்லாம் சொல்வாள். நாலு மணிக்கு டீ. மேலே இன்னும் சூடு தணிந்திருக்காது என்று ஆறு மணிவரை இருப்பார்.

அவர் படும் பாட்டைப் பார்க்கச் சகிக்காமல் பக்கீரே ஒரு வழி சொன்னார். மொட்டை மாடி முழுக்கச் சின்ன மண் கலயங்களை நெருக்கிக் கவிழ்த்து, சந்துகளில் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் அடைத்து, மேலே வெள்ளை ஓடு பதித்தால், கலயத்துக்குள் அடைபட்ட காற்று வெயிலைக் கீழே விடாது. ஏ.சி. போட்டாலும் பில் பாதிதான் வரும். மறுக்க என்ன காரணம் சொல்வது? சரி என்றார்.

எண்ணூறு கலயங்கள் கவிழ்ந்தன. வீடு கர்ப்பகிருகம் மாதிரி குளிர்ந்துவிட்டது. முதல் நாள் மத்தியானம் முழுக்கச் சுந்தரராமன் கட்டிலில் படுத்துக் கடிகாரச் சத்தத்தைக் கேட்டார். மறுநாள் கீழே இறங்கிவிட்டார்.

சாப்பிட வந்திருந்த பக்கீர் நிமிர்ந்து பார்த்தார். “இன்னா சார், இன்னும் வேகுதா?”

“அடுப்புதான், பக்கீர்.”

பக்கீரின் முகம் தொங்கிப்போனது. சாயந்தரம் வேலை முடிந்ததும் வந்து பார்ப்பதாகச் சொன்னார். அதற்குள் சுந்தரராமன் ஜன்னல்களைச் சாத்தி, இரண்டு அடுப்பிலும் மாற்றி மாற்றி வெந்நீர் கொதிக்கவைத்து, வீட்டையே இட்லிக் கொப்பரை ஆக்கி, பாத்திரங்களைக் குளியலறையில் ஒளித்தார். உள்ளே வந்த பக்கீர் வியர்த்துக் கொட்ட நின்று, சீலிங்கை அண்ணாந்து பார்த்துவிட்டு இறங்கிப்போனார். நாற்காலி பிழைத்தது.

பத்து நாள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, பெருங்களத்தூரில் வீடு கட்டிக்கொண்டிருந்த கேசவன் இதே வேலையைத் தன் மாடிக்கும் பேசக் கீழ் வீட்டுக்கு வந்தார். சுந்தரராமன் அங்கே சோயாவோடு தாயம் ஆடிக்கொண்டிருந்தார். அவர் நீட்டிய அட்வான்ஸைப் பக்கீர் தொடவில்லை.

“வேணாம் சார். இவர் வூட்லயே என் வேலை எடுபடல. நாளைக்கு மொத்தமும் உடைச்சு, என் செலவுல மறுபடி போடப்போறேன். உங்க வூட்ல எந்த மூஞ்சிய வெச்சுகினு வேலை செய்வேன்?”

சுந்தரராமன் கையில் தாயக்கட்டை நின்றுவிட்டது. போடுங்க தாத்தா என்று சோயா அவசரப்படுத்தினாள். அவர் எழுந்து, பக்கீரையும் கேசவனையும் மேலே கூட்டிப்போனார். கேசவனை ஸ்டூலில் ஏற்றி, சீலிங்கில் உள்ளங்கையை வைக்கச் சொன்னார். உச்சி வெயில் நேரத்தில் அது மண்பானையைத் தொட்டதுபோல் சில்லென்றிருந்தது.

“வேலையில ஒரு குறையும் இல்லை. அன்னிக்கு வெந்நீர் போட்டுச் சூடாக்கினது நான்தான்.”

பெரியவருக்கு இந்த வயசில் குறும்பைப் பார் என்று சிரித்துக்கொண்டே கேசவன் பணத்தைப் பக்கீர் சட்டைப்பையில் திணித்தார். பக்கீர் சிரிக்கவில்லை.

“சொல்லியிருக்கலாமே சார்,” என்றார். அவ்வளவுதான்.

மறுநாள் பன்னிரண்டு மணிக்குச் சுந்தரராமன் தன் வீட்டுக் கதவுவரை வந்து நின்றார். இனி எதைச் சொல்லிக்கொண்டு இறங்குவது? தாத்தாவைக் கூப்பிடட்டுமா என்று கீழே சோயா கேட்டது காதில் விழுந்தது.

“வேணாம்மா,” என்றாள் சபீஹா. “எத்தனை நாளா தூங்காத மனுஷர். இப்பதான் வீடு நல்லா கீது. நிம்மதியா தூங்கட்டும்.”

அதற்குப் பிறகு, அவர் தூக்கம் கலைந்துவிடக் கூடாதே என்று கீழே எல்லோரும் குசுகுசுவென்று பேசத் தொடங்கினார்கள்.