அன்னெம் என்றால் என் அம்மா

அடுப்படிச் சுவரில் உள்ளங்கையை வைத்து, "எவ்" என்றார் அண்ணி. வீடு. பிறகு நிலைப்படியை உள்ளும் வெளியுமாகத் தாண்டித் தாண்டிக் காட்டினார். எவ்தே, வீட்டில். எவே, வீட்டுக்கு. எவ்தென், வீட்டிலிருந்து. துருக்கி மொழியிலும் நம்மைப் போலவே வேற்றுமை உருபு சொல்லின் வாலில்தான் ஒட்டுகிறது என்று தெரிந்ததும் இருவரும் சிரித்துவிட்டோம். ஆனால் நாம் முன்னால் வைக்கிற "என்", "உன்" என்பதையும் அவர்கள் பின்னாலேயே ஒட்டிவிடுகிறார்கள். அன்னெ என்றால் அம்மா. அன்னெம், என் அம்மா. அன்னென், உன் அம்மா.

அண்ணன் கத்தாரில் வேலை பார்க்கும்போது பழகி மணந்துகொண்ட துருக்கிப் பெண் அவர். அண்ணன் கத்தாரிலும் நான் புதுக்கோட்டையில் வேலையிலுமாக இருக்க, அம்மா தனியாக இருக்கிறாரே என்று அறந்தாங்கிக்கு வந்து தங்கினார். அம்மாவோ முகம் கொடுத்துப் பேசவில்லை. வேளாவேளைக்குச் சோறு போடுவார், அவ்வளவுதான். அண்ணியும் என்னிடம், "அன்னென் இன்னிக்கி சாப்பிடல" என்றுதான் சொல்வார். உன் அம்மா. அந்தக் கடைசி எழுத்தில் அவர் காட்டிய கவனம் எனக்கு வலிக்கும்.

ஒரு மத்தியானம் அம்மா கொல்லையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்துவிட்டார். அண்ணி ரோட்டுக்கு ஓடி, ஓர் ஆட்டோவை மறித்து, அம்மாவைத் தூக்கிக் கிடத்திக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார். புதுக்கோட்டையிலிருந்து நான் பஸ் பிடித்து வந்து சேர்ந்தபோது, வராந்தாவில் நின்று தன் அக்காவிடம் போனில் அழுதுகொண்டிருந்தார். எனக்குப் புரிந்தது ஒரு சொல்தான். "அன்னெம்... அன்னெம்..." அந்தப் பக்கம் அக்கா அலறுவது எனக்கே கேட்டது. ஊரில் இருக்கும் தங்கள் தாய்க்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று பதறிவிட்டார் போலும். அண்ணி அவசரமாக மறுத்தார்: "புராதாகி அன்னெம்!"

புராதா, இங்கே; அண்ணி முன்பே சொல்லித் தந்த சொல். இங்கே இருக்கிற என் அம்மா. நான் சுவரில் சாய்ந்து அழுதேன்.

"நல்லவேளை, நேரத்தோட கொண்டாந்துட்டாங்க" என்றார் டாக்டர். அம்மா இன்று எழுந்து நடமாடுவது அண்ணியால்தான்.

மறுநாள் காலையில் கண் விழித்த அம்மா என்னிடம் முதலில் கேட்டது இதைத்தான்: "ஏத்தா, எம் மருமக ஏதாச்சும் சாப்புட்டுச்சா?"

வெளியே வந்து அண்ணியிடம் அப்படியே சொன்னேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "'எம்' மருமகளா? 'என்' இல்லையா?" என்று கேட்டார்.

"ரெண்டும் ஒண்ணுதான் அண்ணி. உள்ள போங்க, ஒங்களத்தான் தேடுறாங்க."