வளைவுக்கு நாட்டு மருந்து உண்டுங்களா?

நாட்டு மருந்துக் கடை வெக்கறவனுக்கு மூக்கு நல்லா இருக்கோணும்பாங்க; அது சும்மா, காதுதான் நல்லா இருக்கோணும், ஏன்னா திருப்பூர்ல ஆம்பிளைக முக்கியமான வியாதியை எல்லாம் கிசுகிசுன்னுதான் சொல்லுவாங்க. கடைப்பலகைக்குப் பின்னால நின்னு பொழைக்கறவங்களுக்கு இந்த அவஸ்தை தெரியும்.

சீயக்காய்க் கூட்டம் போகட்டும்

செல்போன் எல்லார் கைக்கும் வந்துட்டிருந்த சமயம். சுப்பிரமணின்னு ஒருத்தர், நெருப்பெரிச்சல்ங்கற ஊர்ல பனியன் கம்பெனியில துணிக்கு ஸ்டீம் குடுக்கற மாஸ்டர். எங்கடையில சீயக்காய் வாங்க நின்ன பொம்பளைக போறவரைக்கும் வசம்பையே முறைச்சுட்டு நின்னார். அப்புறம் வாயைத் தொறந்தார். குறியில தோலுக்கடியில தழும்பாட்டம் ஒரு கெட்டி, விறைச்சா வளையுது, வலி உயிர் போகுது. பயத்துல சம்சாரம் பக்கமே போறதில்லை. வேற எவளோ இருக்கான்னு அந்தம்மா ஊத்துக்குளிக்கு, அவங்க அம்மா ஊட்டுக்கே போயிருச்சாம். அமாவாசை கழிச்சுப் பெரியவங்க பேசி ரெண்டு பேரையும் அத்துவிடப் போறாங்களாம்.

அமுக்கரா, பூனைக்காலின்னு எல்லாத்தையும் யோசிச்சுப் பாத்தேன். அதெல்லாம் தளர்ச்சிக்குச் சொல்றது. தழும்பைக் கரைக்கற சரக்கு எங்கிட்ட இல்லை. டாக்டர்கிட்டக் காட்டுங்க தம்பின்னேன்.

"பொண்டாட்டிகிட்டயே காட்ட முடியாம நிக்கறேன், டாக்டர்கிட்ட எப்படீங்ணா காட்டுவேன்?"

லாட்ஜ் வைத்தியர்

மாசாமாசம் பஸ் ஸ்டாண்டு பக்கம் லாட்ஜ்ல ரூம் போட்டு 'இளமைக் கோளாறு' பாக்கற ஆளுக உண்டே, அதுல ஒருத்தர்கிட்டப் போயிட்டார். சின்ன வயசுக் கைப்பழக்கம், நரம்பு செத்துப்போச்சு, விட்டா அழுகிரும்னு சொல்லி ஒரு டப்பா லேகியம் தலையில கட்டியிருக்கார் அந்த மகராசன். சுப்பிரமணி டப்பாவ எங்கிட்டக் கொண்டாந்தார்.

நாக்குல வெச்சுப் பாத்தேன். வெல்லம், நெய்யி, கொஞ்சம் சாதிக்காய். எனக்கு வந்துச்சே கோவம்! "இதைத் தோசைக்குத் தொட்டுக்கலாம் தம்பி. கைப்பழக்கத்துல வளையறதா இருந்தா இந்த ஊர்ல ஒருத்தனும் தப்பிச்சிருக்கமாட்டான்"னு கத்திட்டேன். அவர் கண்ணு கலங்கிருச்சு.

"அப்ப இது நான் பண்ணின பாவமில்லீங்களா?"

ஆவி வைத்தியம்

பனியன் துணி தொவைச்சா முறுக்கிக்கும், ஓரத் தையல் முன்னால வந்து நிக்கும். அதை ஆவி காட்டி, இழுத்து, அழுத்தி நேராக்கறதுதான் இவர் வேலை. விளக்கெண்ணெய் தடவி ஒத்தடம் குடுத்தா இளகும்னு எவனோ சொல்லப்போக, எங்கடையில ஒரு பாட்டில் எண்ணெய் வாங்கிட்டுப் போன மனுசன் சாப்பாட்டு நேரத்துல கதவைச் சாத்திட்டு ஸ்டீம் அயர்னையே காட்டிட்டார். காலை அகட்டி அகட்டிக் கடைக்கு வந்தார். தொடை வரைக்கும் கொப்புளமாம். திட்டிட்டே ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ புடிச்சேன். ஆட்டோவுல ஏறுறப்பவும் அவருக்கு அந்த ஆதங்கம் போகலை.

"எப்பேர்ப்பட்ட கோணல் துணியும் எங்கையில நேராயிருக்குதுங்ணா!"

எவளுக்கு இந்த எண்ணெய்?

சுட்டுக்கிட்ட சேதி கேட்டு ஊத்துக்குளியில இருந்து வந்த அந்தம்மா, ஊட்டுல லேகிய டப்பாவையும் என் கடை எண்ணெய்ப் பாட்டிலையும் பாத்திருக்குது. நேரா கடைக்கு வந்து பலகை மேல ரெண்டையும் வெச்சுது. "நாளைக்குப் பெரியவங்க வர்றாங்க. எவளுக்காக இதையெல்லாம் வாங்கித் திங்கறாருன்னு சொல்லிப்போடுங்க."

ஒருத்தர் வியாதியை இன்னொருத்தர்கிட்டச் சொல்றது எங்க தொழில்ல ஆகாது. சொல்லாம விட்டா நாளைக்கு ஒரு குடும்பம் போகுது. "பொம்பளை விசயம் இல்லை அம்மணி, ஒடம்பு விசயம். வலியில துடிக்கறார், வெக்கத்துல மறைக்கறார். கோயமுத்தூருக்குக் கூட்டிட்டுப் போ, மூத்திரக் கோளாறு பாக்கற டாக்டர் இருப்பார்"னேன். அந்தம்மா அப்படியே பலகையைப் புடிச்சுட்டு உக்காந்து அழுதுச்சு.

"வெறும் வியாதிதானுங்களா! ஐயோ சாமி, நான் எவளோன்னு நெனச்சுச் செத்துட்டிருந்தேனுங்க!"

கோயமுத்தூர் போய் வந்தாங்க

புத்துநோய் இல்லை, ஒட்டுவாரொட்டி இல்லை, உள்ளுக்குள்ள விழுந்த தழும்புன்னு டாக்டர் சொன்னாராம். வலி மெல்ல அடங்கும், வளைவு முழுசாப் போகும்னு உறுதி குடுக்க முடியாது, ரொம்பத் தொந்தரவுன்னா அப்புறம் வேற வழி பாக்கலாம்னாராம். பெரியவங்களை அந்தம்மாவே வரவேண்டாம்னு சொல்லிருச்சு. ரெண்டு பேரும் சேந்து கடைக்கு வந்தாங்க. சுப்பிரமணி என் கையைப் புடிச்சுட்டு நின்னார். பேசினது அந்தம்மாதான்.

"இப்ப மூஞ்சியப் பாத்துப் பேசறாருங்க, எனக்கு அது போதுமுங்க."

என்ன பண்றதுங்க, மருந்து வாங்கிட்டுப் போனவங்க ஒருத்தரும் திரும்பி வந்து நல்லாச்சுன்னு சொன்னதில்லை, மருந்தே இல்லைன்னு அனுப்பின இந்த ரெண்டு பேருதான் ஒரு கிண்ணம் ஊத்துக்குளி வெண்ணெயோட வந்தாங்க.