நடக்கலாம், நிற்கக்கூடாது

கல்முனைச் சந்தை இறைச்சிக் கடையில் நின்று நின்றே என் கால் கெட்டது. கடை என் மனைவியின் காக்காவுடையது, அவளுக்கு மூத்தவர், எனக்கு மச்சான். இறைச்சி வெட்டும் மரக்குத்தி மட்டும் என்னுடையது. மாவடிப்பள்ளியில் சாய்ந்த புளியமரத்தில் அறுத்து வாப்பா வண்டியில் கொண்டுவந்தது. வழியில் அச்சு முறிந்து அவர் பட்ட பாடு வேறு கதை. குத்திக்குப் பின்னால் நிற்கிறவனைத்தான் சனம் கடைக்காரன் என்று நினைக்கும். பெருநாளைக்குக் குர்பான் கொடுக்கும் உழ்ஹிய்யா மாடு அறுக்க அவனைத்தான் தேடி வரும். நான் நின்ற அந்த இடத்தில் மச்சானுக்கு எப்போதும் ஒரு கண்.

எண்பதுகளின் தொடக்கம். கெண்டைக்காலில் நரம்பு முடிச்சு முடிச்சாகப் புடைத்தது. மச்சான் என் சாறனைத் தூக்கி வருகிறவர்களுக்குக் காட்டுவார். "மண்புழு வளக்கிறான் பாருங்க. தூண்டிலுக்கு வேணுமா?"

ஒரு முடிச்சு வெடித்து இரத்தம் ஓடிய பிறகுதான் டாக்குத்தரிடம் போனேன். யாழ்ப்பாணத்துக்காரர். 'வெரிகோஸ்' என்றார். ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முந்திய கிழமை ஒரு காலையில் விறைப்பூசி போட்டு, சின்னதாகக் கீறிக் கீறி, கொக்கியால் நரம்பை இழுத்தெடுத்தார். மாட்டுக்காலில் நானும் அப்படித்தான் இழுப்பேன். அவர் கை என் கையைவிடச் சுத்தம். பாதத்திலிருந்து தொடை வரை இறுக்கித் துணி சுற்றினார்.

"எழும்பி வீட்டை போங்கோ. எவ்வளவும் நடவுங்கோ. தையல் வெட்டுற வரைக்கும் ஒரு இடத்தில நிண்டிடாதேங்கோ, அதுதான் கரைச்சல்."

அன்றே பஸ்ஸில் வந்து, அஸர் தொழுகைக்கு முதல் வீட்டில் இருந்தேன். வீடு மனைவிக்குச் சீதனமாக வந்தது, மாமியும் அங்கேதான். மாமி என்னோடு நேரே கதைப்பதில்லை. கதவுக்குப் பின்னால் நின்று மகளுக்குச் சொல்வதுபோல் எனக்குச் சொல்வார்.

"புள்ள, உன்ட மாப்பிள்ளைய அண்டைக்கே தொரத்திட்டாங்களாம். ஒரு ராவும் ஆசுபத்திரில படுக்காத ஒப்பறேசன் என்ன ஒப்பறேசன்?"

மனைவி என் காலுக்கடியில் தலையணை வைத்தாள்.

மறுநாள் டாக்குத்தர் சொன்னபடி சந்தைப் பக்கம் நடந்தேன். மச்சான் கடையிலிருந்து கத்தினார்.

"வா மச்சான், வந்து குத்தில நில்லு!"

"நிக்க ஏலா மச்சான். நடக்கத்தான் ஏலும்."

கடையே சிரித்தது. மச்சான் சாமான் வாங்க வந்தவர்கள் பக்கம் திரும்பினார். "கேட்டீங்களா? நடக்க ஏலுமாம், நிக்க ஏலாதாம்! அப்ப பஸ்ஸுக்கு எப்பிடி நிண்ட நீ? பஸ்ஸச் சுத்தி ஓடினயா?"

அதற்குப் பிறகு நடந்த ஒவ்வோர் அடியும் நான் வேலைக்கள்ளன் என்பதற்குச் சாட்சியானது. பெருநாளைக்கு என் குத்திக்குப் பின்னால் மச்சான் நின்றார். உழ்ஹிய்யா மாட்டுக்காரர் எல்லாரும் அவரையே கூப்பிட்டார்கள்.

தையல் வெட்டி, கால் நேராகி, கடைக்குப் போனேன். மச்சான் குத்தியை விட்டு அசையவில்லை. குடலும் பாபத்து என்கிற இரைப்பையும் போட்ட கூடையை என் கையில் தந்தார்.

"உனக்கு நடக்கத்தானே ஏலும்? நட."

அன்று தொட்டு வீடு வீடாகக் குடல் விற்றேன். "இப்பதான் ஏத்த தொழில்," என்றது மாமியின் கதவு.

சில வருடம் போனது. ஒரு காலை கூடையை நிரப்பக் குனிந்தபோது மச்சானின் சாறனுக்குக் கீழே கண் போனது. என்னுடையதைவிடத் தடித்த முடிச்சுகள். நான் பார்த்ததை அவர் கண்டுவிட்டார். குரலைத் தாழ்த்தினார்.

"அந்த ஒப்பறேசன் கனக்க நோகுமா மச்சான்?"

"எந்த ஒப்பறேசன்? அண்டைக்கே வீட்ட வந்த எனக்கு என்ன ஒப்பறேசன்?" என்றேன். "நில்லுங்க மச்சான், ஆக்கள் வாறாங்க."

கூடையைத் தூக்கிக்கொண்டு நடந்தேன்.