மேல்வீட்டுச் சுவரில் சின்னக் கைகள்

அந்தச் சனிக்கிழமைக் கூட்டத்துக்கு நர்சரி நடத்திய பெரிய மிஸ் வந்திருந்தார். மேல்வீட்டு முதலாளி வந்திருந்தார். இந்திரா அக்காவும் பரீனாவும் இன்னும் ஏழெட்டு அம்மாமாரும் பிள்ளைகளின் குட்டிக் கதிரைகளில், முழங்கால் நெஞ்சில் முட்ட, உட்கார்ந்திருந்தார்கள். உதவி ஆசிரியனான எனக்கு யாரும் கதிரை காட்டவில்லை, கதவோரம் நின்றேன். அப்பாமார் ஒருவரும் வரவில்லை. குற்றவாளிகளான பிள்ளைகளும் வரவில்லை, வீட்டில் விட ஆளில்லாமல் பரீனா கூட்டி வந்திருந்த மகள் ரிஃப்காவைத் தவிர.

இது இப்போது ஏன் ஞாபகம் வந்தது என்றால், இன்று காலை அக்குறணையில் நான் வேலை செய்யும் ஹாட்வெயார் கடையில் வெள்ளைப் பசை வாளியொன்று கவிழ்ந்துவிட்டது. தச்சர்கள் பலகை ஒட்டுகிற பசை. அந்தப் புளித்த வாசம் மூக்கில் ஏறியதும் கடை மறைந்து, குண்டசாலை நர்சரியின் பின்முற்றம் வந்துவிட்டது. குனிந்து துடைத்துக்கொண்டிருந்தவனுக்கு யார்மேல் என்றில்லாமல் கோபம் வந்தது. நாளானால் ஆறிவிடும் என்கிறார்கள். எனக்கு ஆறவில்லை. உங்களிடம் சொல்வதற்கென்ன.

கம்பளைச் சந்தையில் மூட்டை தூக்குகிறவர் என் அப்பா. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போய் உயர்தரம் வரை முடித்த முதல் ஆள் நான்தான். பிறகு முன்பள்ளி டிப்ளோமா செய்தேன். அந்த வகுப்பில் ஆண்பிள்ளை நான் ஒருவன். அம்மா அக்கம்பக்கத்தில் மகன் வாத்தியார், 'ஸ்கூல் சேர்' என்று சொல்லிவைத்திருந்தார். எத்தனையாம் வகுப்புக்கு என்று யாராவது கேட்டால் அடுப்பில் ஏதோ கருகுகிற மாதிரி உள்ளே ஓடிவிடுவார். அப்பா நேராகவே கேட்டார்.

"வெண்டிக்காய வெட்டி, சாயத்துல முக்கி, தாள்ல குத்துறதுக்கு ஒரு டிப்ளோமாவாடா?"

நான் பொறுமையாக விளக்கினேன். குறுக்கே வெட்டிய வெண்டிக்காயில் பூ இருக்கிறது. அதைப் பிள்ளை மூன்று விரலால் பிடிக்கிறது. நாளைக்குப் பென்சில் பிடிக்கப்போவதும் அதே மூன்று விரல்தான். எல்லாம் கேட்டுவிட்டு, மிச்ச வெண்டிக்காயைக் கறிக்குத் தருவார்களா என்றார்.

அம்மாமாரிடமும் இந்த விளக்கம் எடுபடவில்லை. தாள் விலை ஏறி, கலர்ப் பெட்டி கடைகளில் கண்ணால் காணக் கிடைக்காத காலம் அது. பழைய பத்திரிகைக்கு அடியில் பலா இலையை வைத்து கிறயோன் துண்டால் தேய்த்து நரம்பெல்லாம் எழுப்புவோம். சோடா மூடிகளில் ஓட்டை போட்டுச் சப்பாத்து லேசில் கோப்போம். மஞ்சள் போட்டுப் பிசைந்த மாவில் பாம்பு உருட்டுவோம். மூன்று வயதுக்கு எதை உருட்டினாலும் பாம்புதான். மாநகரசபையில் கிளார்க்காக இருந்த இந்திரா அக்காவுக்கு இதெல்லாம் ஊரை ஏமாற்றுகிற வேலை. அடுத்த தெரு நர்சரியில் பிள்ளைகள் இருபது வரை எழுதுகிறார்களாம், தன் மகன் சூரியா மூடி கோக்கிறானாம். இதை அவர் என்னிடம் சொன்னதில்லை. நான் பக்கத்தில் நிற்க, பெரிய மிஸ்ஸிடம் சொல்வார்: "அந்த சேர்கிட்ட சொல்லிவைங்க."

சூரியாவைப் பற்றி அவருக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும். ஈரமான எதையும் அந்தப் பிள்ளை தொடமாட்டான். விரலில் ஒரு சோற்றுப் பருக்கை ஒட்டினால் கையை உடம்பிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டு அழுவான். மாவுப் பாம்பைக்கூடக் குச்சியால்தான் உருட்டினான்.

இனி சுவருக்கு வருகிறேன். கண்டிப் பக்கத்து வீடுகளை நீங்கள் பார்த்திருப்பீர்கள்; ஒன்றின் தோளில் ஒன்று ஏறி நிற்கும். மேல்வீட்டு மண் சரியாமல் இருக்கக் கட்டிய சுவர்தான் கீழ்வீட்டு முற்றத்துக்கு எல்லை. எங்கள் பின்முற்றத்தில் நின்றதும் அப்படியொன்று, வெள்ளையடித்து, வெறுமையாக. டவுனில் துணிக்கடை வைத்திருந்த மேல்வீட்டு முதலாளிக்கு அது சொந்தம். ஆனால் தன் வீட்டிலிருந்து அவரால் அதைப் பார்க்க முடியாது. ரோட்டுக்கு இறங்கி, சுற்றி வந்து, எங்கள் முற்றத்தில் நின்றால்தான் தெரியும். பெரிய மிஸ்ஸும் நானும் எங்கள் முற்றத்தைப் பார்க்கிற சுவர் எங்களுடையது என்றே நினைத்திருந்தோம். தாள் இல்லாவிட்டால் என்ன, சுவர் இருக்கிறதே என்று நான் கேட்டபோது, போனில் பேசிக்கொண்டே தலையாட்டினார்.

துணிக்குப் போடும் நீலம், மஞ்சள்தூள், இடித்த செங்கல். மழைக்குக் கரையக்கூடாதென்று வெள்ளைப் பசையும் கலந்தேன். படித்ததை அவ்வளவு அக்கறையாகச் செய்கிறவன் நான். பிள்ளைகள் வரிசையில் வந்து கையை முக்கிச் சுவரில் வைத்தார்கள். கடைசியில் சூரியா. வெகுநேரம் சட்டியையே பார்த்துக்கொண்டு நின்றவன், திடீரென்று நீலத்தில் கையை விட்டுச் சுவரில் அழுத்தினான். எடுக்கச் சொன்னால் எடுக்கவில்லை.

"இருங்க சேர், இன்னும் ஒட்டல."

யாரோ போய்ச் சொல்லியிருக்கிறார்கள். முதலாளி ஒருநாள் சுற்றிவந்து முற்றத்தில் நின்றார். எவன் வீட்டுச் சுவர் என்று நினைத்தீர்கள் என்று ஆரம்பித்தவர், முழுச் சுவரும் திரும்ப வெள்ளையடிக்காவிட்டால் நர்சரியையே இங்கிருந்து கிளப்பிவிடுவேன் என்று முடித்தார். பிள்ளைகளின் கை எட்டியது என் இடுப்பு மட்டுக்குத்தான். அரைச் சுவர் அடித்தால் நிறம் பிரிந்து தெரியுமாம். அவருக்குத் தெரியாத சுவரில்.

அதற்குத்தான் அந்தக் கூட்டம். சுவரில் கை வைத்த பிள்ளைகளின் வீட்டார் செலவைப் பகிர்ந்துகொள்ளலாம் என்றார் பெரிய மிஸ். அன்றைக்கு சூரியாவுக்குக் காய்ச்சல், நர்சரிக்கே வரவில்லை என்று முதலில் சொன்னவர் இந்திரா அக்கா. அடுத்தவர், தன் பிள்ளை சாயம் என்றாலே பயப்படும் என்றார். இன்னொருவர் பிள்ளையோடு கல்யாண வீட்டுக்குப் போயிருந்தாராம். பரீனாவும், ரிஃப்கா எட்டநின்று பார்த்ததோடு சரி என்றார். கொஞ்ச நேரத்தில் அந்தச் சுவரில் கை வைத்த பிள்ளை ஒன்றுகூட இல்லை என்றாகிவிட்டது. எனக்குப் பொறுக்கவில்லை.

"அப்ப செவத்துல இருக்கிறதெல்லாம் என் கையா?"

"உங்க கைன்னா நீங்களே கட்டுங்க, சேர்," என்றார் இந்திரா அக்கா. இரண்டு பேர் சிரித்தார்கள்.

பெரியவர்கள் சிரிக்கிற சந்தடியில் ரிஃப்கா முற்றத்துக்கு இறங்கிவிட்டாள். திறந்த கதவு வழியே எல்லோருக்கும் தெரிந்தது. நீலக் கையொன்றின்மேல் தன் கையை வைத்துக்கொண்டு கூப்பிட்டாள்.

"உம்மா, இது என்ட கை."

"பொய் செல்லாத மகள். இங்க வா," என்றார் பரீனா, முகம் சிவந்து.

இந்திரா அக்கா கதிரையைத் தள்ளிவிட்டு எழுந்தார். விறுவிறுவென்று கதவுவரை போனார்.

"அது ஒன் கை இல்லம்மா. எங்க சூரியா கை. சுண்டுவெரல் வளஞ்சிருக்கு பாரு."

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவருக்குக் கேட்டிருக்க வேண்டும். முதலாளிதான் மெல்ல, சுவைத்துக் கேட்டார்: "காய்ச்சல் அன்னிக்கு கை மட்டும் தனியா வந்துச்சாக்கும்?"

இந்திரா அக்கா பர்ஸைத் திறந்து தன் பங்கை மேசையில் வைத்தார். வைத்த பணத்திலிருந்து விரலை எடுக்காமல், அந்த ஒரு கையை விட்டுவிட்டு அடிக்கச் சொன்னார். சுவர் தன்னுடையது என்றார் முதலாளி. கைக்குக் காசு கட்டியிருக்கிறேன் என்றார் இவர். அழிக்கத்தானே கட்டினீர்கள் என்றார் அவர். மற்ற அம்மாமார் ஒருவரும் அதற்குப் பிறகு முற்றத்துப் பக்கம் தலையைத் திருப்பவில்லை. பார்த்தால் எதையாவது அடையாளம் தெரிந்துவிடும். பர்ஸையும் திறக்கவில்லை.

போகும்போது இந்திரா அக்கா முதல்தடவையாக என்னிடமே பேசினார்.

"எல்லாம் உங்களாலதான்."

"நான் கைய வைக்கத்தான் சொன்னேன், அக்கா. இல்லைன்னு சொல்லச் சொல்லல."

இன்றைக்கும் அந்த வார்த்தையை நான் திரும்ப எடுக்கமாட்டேன். குண்டசாலை பஸ்ஸில் எப்போதாவது என்னைக் கண்டால் அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறார். திரும்பட்டும்.

திங்கட்கிழமை பெயின்ட் அடிக்கிற பாஸ் வந்து சுவரோரம் சாரம் கட்டி ஏறினார். பிள்ளைகள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள். அழிக்கிறார் என்று புரியாமல், அவர் பெரிய கையாக வைக்கப்போகிறார் என்று கடைசிவரை காத்திருந்தார்கள். சூரியா அதற்குள் அடுத்த தெரு நர்சரிக்கு மாறிவிட்டான். வருஷக் கடைசியில் பெரிய மிஸ் வீட்டைத் திருப்பிக் கொடுத்தார், எனக்கும் வேலை போனது. இப்போது அங்கே வாகனம் கழுவுகிறார்கள். முற்றம் முழுக்கச் சீமெந்து. முதலாளி வீட்டை விற்றுவிட்டார், வாங்கியவர் அந்தச் சுவருக்குத் தகடு அடித்து மூடிவிட்டார். வெள்ளையும் இல்லை இப்போது.

பெயின்ட், சாரம், பாஸின் கூலி, இந்திரா அக்கா வைத்தது, பெரிய மிஸ் போட்டது, என் சம்பளத்தில் பிடித்தது, எல்லாம் சேர்த்து அந்தக் கைகளை இல்லாமல் செய்ய எங்களுக்கு ஆன செலவு முப்பத்தோராயிரத்து ஐந்நூறு ரூபாய்.